இங்கிலாந்துக் கிராமத்தில் கவிதை வாசிக்க எந்த விசா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கரவெட்டியில் வசிக்கிறேன். மூன்று கவிதைத் தொகுதிகள் வெளியிட்டிருக்கிறேன். இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லையை அண்டிய ஒரு கிராமத்தில், யூலை நடுப்பகுதியில் நடக்கும் கோடைகால இலக்கிய விழாவில் என் கவிதைகளை மொழிபெயர்ப்பாளருடன் சேர்ந்து வாசிக்க அழைத்திருக்கிறார்கள். 250 பவுண் சன்மானமும் மூன்று இரவுத் தங்குமிடமும் தருவதாக எழுதியிருக்கிறார்கள். விமானச் சீட்டு லூட்டனில் இருக்கும் தம்பியின் பொறுப்பு; அவர் மே மாதமே வந்துவிடச் சொல்கிறார். யாழ்ப்பாணத்து முகவர் ஒருவரோ, காசு வாங்குவதென்றால் வேலை விசாதான் எடுக்க வேண்டும், 12 இலட்சம் ரூபா தந்தால் வங்கிக் கணக்கு உட்பட எல்லாவற்றையும் தானே ஒழுங்கு செய்வேன் என்கிறார். முன்பு எனக்குக் கனடா விசா மறுக்கப்பட்டதைக் குறிப்பிட வேண்டாம் என்றும் சொல்கிறார். வயல்வெளியில் கூடாரம் போட்டு நடத்தும் விழா உண்மையானதுதானா என்று பிள்ளைகள் ஐயப்படுகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்களுக்கு வேலை விசா தேவையில்லை. சாதாரண வருகையாளர் விசாவே போதும். அந்த விசாவிலேயே 250 பவுணையும் சட்டப்படி வாங்கலாம். கனடா மறுப்பை மறைக்கக் கூடாது. மே மாதம் போகக் கூடாது. அந்த முகவருக்கு ஒரு ரூபாவும் கொடுக்கக் கூடாது.

பிள்ளைகளின் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. நம்மூரில் இலக்கிய விழா என்றால் ஒரு மண்டபம், மங்கல விளக்கு, தலைமையுரை, வாழ்த்துரை என்றுதான் கண்டு பழகியிருக்கிறோம். பிரித்தானியாவில் கோடை பிறந்தால் நாட்டுப்புறத்துப் புல்வெளிகளில் கூடாரம் அடித்து இத்தகைய விழாக்களை நடத்துவது வழக்கமான காரியம். அவற்றுள் மிகவும் பெயர்பெற்ற ஹே விழா 1988 இல் தொடங்கியது. அது நடக்கும் ஹே-ஒன்-வை, பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன, வேல்ஸ் எல்லையோரச் சிற்றூர். அங்கே புகையிரத நிலையம்கூட இல்லை, ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தள்ளியுள்ள ஹெரஃபோர்டில் இறங்கித்தான் போக வேண்டும். ஆகவே கூடாரத்தையும் கிராமத்தையும் பார்த்துச் சந்தேகப்படத் தேவையில்லை. பார்க்க வேண்டியது, உங்களிடம் காசு கேட்கிறார்களா என்பதைத்தான். உண்மையான விழா, தான் அழைத்த எழுத்தாளரிடம் பதிவுக் கட்டணம் என்றோ விசாக் கடிதத்துக்கான கட்டணம் என்றோ எதையும் கேட்காது. அப்படிக் கேட்டு வரும் மின்னஞ்சல்கள் நம்மவர்களுக்கு நிறைய வருகின்றன; கேட்ட அன்றே தொடர்பை நிறுத்திவிட வேண்டும். உங்களுக்குச் சன்மானம் தருவதாக எழுதியிருப்பதே நல்ல அறிகுறி. விழாவின் சொந்த இணையத்தளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களாகவே ஒரு மின்னஞ்சல் போட்டு அழைப்பை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி விசா. பிரித்தானியாவின் விதிப்படி வருகையாளர் அங்கே வேலை செய்து ஊதியம் பெறக் கூடாது. ஆனால் அழைப்பின் பேரில் வந்து, தமது துறை சார்ந்த ஒரு குறுகிய பணியைச் செய்து, அதற்குச் சன்மானம் பெறுவதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. முன்னர் இதற்கென்று தனி விசா இருந்தது; 2024 ஜனவரி 31 முதல் அது சாதாரண வருகையாளர் விசாவுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. கலைஞர்களும் நிகழ்வுகளில் உரையாற்ற அழைக்கப்படுவோரும் இதற்குள் அடங்குவர். அழைப்பு பயணத்துக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். சன்மானம் பெறப் போவதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். பணி உங்கள் துறை சார்ந்ததாக இருக்க வேண்டும். அங்கே போய் இறங்கிய 30 நாட்களுக்குள் அதை முடித்துவிட வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் உங்கள் தம்பியின் ஆசை சிக்கலாகிறது. மே மாதம் போய் இறங்கி யூலை நடுப்பகுதியில் சன்மானத்துடன் கவிதை வாசித்தால், 30 நாட்கள் எப்போதோ கடந்திருக்கும். யூன் கடைசியிலோ யூலை தொடக்கத்திலோ போங்கள். விழா முடிந்த பின்னர் தம்பி வீட்டில் சில வாரங்கள் தங்குவதற்குத் தடையில்லை, ஆனால் அந்தத் திட்டத்தையும் திரும்பும் திகதியையும் விண்ணப்பத்தில் எழுதிவிட வேண்டும்.

துறை சார்ந்த பணி என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடவுச்சீட்டிலும் ஓய்வூதிய ஆவணங்களிலும் நீங்கள் ஆசிரியை. கவிஞர் என்று எந்தத் திணைக்களமும் உங்களுக்குச் சான்றிதழ் தராது. எனவே மூன்று தொகுதிகளின் அட்டையும் பதிப்புப் பக்கமும், பத்திரிகைகளில் வந்த மதிப்புரைகள், பரிசு ஏதும் பெற்றிருந்தால் அதன் சான்று, ஆங்கிலத்தில் வெளியான மொழிபெயர்ப்பு என்பவற்றை ஒன்றுசேர்த்து வையுங்கள். விழாக்காரர்களிடமும், உங்களை அழைப்பது உங்கள் கவிதைகளுக்காகவே என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தில் விழா நடக்கும் நாட்கள், உங்கள் அமர்வின் நாளும் நேரமும், சன்மானத் தொகை, தங்குமிடத்தின் முழு முகவரி, பொறுப்பானவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். விழா சிறியதென்றால் விசா அதிகாரிக்கு அதன் பெயர் தெரிந்திருக்காது. நிகழ்ச்சி நிரலையும் இணைத்துவிடுங்கள்.

இப்போது அந்த முகவரைப் பற்றி. 12 இலட்சம் ரூபாவுக்கு அவர் உங்களுக்குச் செய்து தரப் போவது என்ன என்று கேளுங்கள். விண்ணப்பத்தை இணையத்தில் நீங்களோ உங்கள் பிள்ளையோ நிரப்பலாம். விரல் அடையாளம் கொடுக்க நீங்களே நேரில் போக வேண்டும், அவர் உங்களுக்காகப் போக முடியாது. விண்ணப்பங்களைப் பெற்று அனுப்பும் நிலையத்துக்குத் தீர்மானிக்கும் அதிகாரம் எள்ளளவும் கிடையாது. உள்ளே ஆள் இருக்கிறது என்று யார் சொன்னாலும் அது பொய். வேலை விசா என்று பயமுறுத்துவதும் கட்டணத்தை உயர்த்துவதற்காகத்தான். கலைத்துறையினருக்கான தற்காலிக வேலை விசா ஒன்று இருப்பது உண்மை. அதற்கு உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று உங்களுக்கு அனுசரணைச் சான்று தர வேண்டும், ஒரே ஒரு வாசிப்புக்காக எந்தக் கிராமத்து விழாவும் அந்த வேலையில் இறங்காது. காசநோய்ப் பரிசோதனைக்கு, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு, சுகாதாரக் கட்டணத்துக்கு என்று தனித்தனியாகக் காசு கறப்பதையும் கண்டிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட வருகையாளர் விசாவுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. சுவரில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கான உரிமமே தவிர, உங்கள் பயணத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இவை எல்லாவற்றிலும் கொடியது வங்கிக் கணக்கை ஒழுங்கு செய்து தருவதாகச் சொல்வது. நடப்பது இதுதான். உங்கள் ஓய்வூதியம் மாதா மாதம் வந்து விழும் கணக்கில், ஒரு நாள் வேறொருவரின் 40 இலட்சம் வந்து சேரும். வங்கிக் கூற்று எடுத்த மறுவாரமே அது போய்விடும். கூற்றில் ஒவ்வொரு வரவுக்கும் நேரே திகதி அச்சாகியிருக்கும். பல மாதங்களாகச் சிறு தொகைகள் வந்து போன கணக்கில் திடீரென்று ஒரு பெருந்தொகை நிற்பதைப் பார்த்த உடனேயே அதிகாரி, இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார். பதில் இல்லையென்றால் மறுப்புத்தான். அதைவிட மோசம், போலியான வங்கிக் கடிதத்தை இணைப்பது. விண்ணப்பத்தில் ஏமாற்று இருந்ததாகக் கண்டால் பத்து ஆண்டுகளுக்குப் பிரித்தானியா உங்கள் விண்ணப்பங்களை மறுக்கலாம். முகவரின் பெயர் அதில் எங்கும் இராது. உண்மை என்று உறுதிகூறி ஒப்புக்கொண்டவர் நீங்கள், தண்டனையும் உங்களுக்குத்தான். எனக்குத் தெரிந்த ஒரு தாய், இப்படி ஒரு கடிதத்தால் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போக முடியாமல் போனார். அந்தக் கடிதத்தை அவர் கண்ணாலும் காணவில்லை.

கனடா மறுப்பும் அப்படியே. எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று விண்ணப்பம் நேரடியாகக் கேட்கிறது. பிரித்தானியாவும் கனடாவும் விரல் அடையாளங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஒரு பழைய மறுப்பு உங்கள் விண்ணப்பத்தைக் கெடுத்துவிடாது. அதை மறைத்தால் கெட்டுவிடும். எந்த ஆண்டு, எந்த விசா, என்ன காரணம் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். மறுப்புக் கடிதம் கைவசம் இருந்தால் அதையும் இணையுங்கள்.

செலவை யார் ஏற்கிறார் என்பதில் ஒளிக்க வேண்டியது ஒன்றுமில்லை. தம்பி ஏற்கலாம். அவர் அங்கே சட்டப்படி வசிப்பவராக இருக்க வேண்டும். தம் கடவுச்சீட்டு அல்லது வதிவிட உரிமைச் சான்று, சம்பளச் சிட்டை, வங்கிக் கூற்று ஆகியவற்றுடன் ஒரு கடிதம் தர வேண்டும். உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களும் உறவைக் காட்டும். உங்கள் பக்கத்தில் ஓய்வூதியச் சான்று, உள்ள நிலையான வைப்பு, காணி உறுதி, இங்கே உங்களுடன் வாழும் குடும்பம் பற்றிய ஆவணங்கள் போதும். ஆங்கிலத்தில் இல்லாத ஒவ்வொன்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்பியுங்கள். மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி, திகதி, பெயர், கையொப்பம், தொடர்பு விபரம் அதில் இருக்க வேண்டும். கிராம அலுவலரின் நற்சான்றிதழையும் சமாதான நீதவானின் முத்திரையையும் அடுக்கடுக்காகச் சேர்ப்பதால் எந்தப் பயனும் இல்லை.

நீங்கள் கேட்காத, ஆனால் நம் எழுத்தாளர்கள் பலரும் அறியாமல் அகப்படும் ஒரு விடயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். வருகையாளர் அங்கே பொதுமக்களுக்கு நேரடியாக எதையும் விற்கக் கூடாது. உங்கள் சொந்தப் புத்தகமும் இதற்கு விலக்கில்லை. நீங்கள் போவது தெரிந்தால் லண்டனில் இருக்கும் உறவினரும் பழைய மாணவரும் ஹரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ மண்டபம் எடுத்து உங்கள் நூலுக்கு ஒரு வெளியீட்டு விழா வைப்பார்கள். பெட்டியில் நூறு பிரதிகள் கொண்டுவரச் சொல்வார்கள். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்கப்பட்டு, கடித உறைக்குள் காசு வைத்து உங்கள் கையில் தருவார்கள். நமக்கு அது மரியாதை. அங்குள்ள சட்டத்தின் கண்ணில் அது நீங்கள் செய்த விற்பனை. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து நூறு பிரதிகள் எதற்கு என்று கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கும்?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். விழாவில் பெரும்பாலும் ஒரு புத்தகக் கடைக்காரர் இருப்பார். உங்கள் பதிப்பாளர் முன்கூட்டியே அவருக்குப் பிரதிகளை அனுப்பட்டும். அவர் தம் கடையில் விற்கட்டும். நீங்கள் மேசையில் அமர்ந்து கையொப்பம் இட்டுக் கொடுங்கள். கையொப்பமிடுவது விற்பனை அல்ல. கணக்கு பதிப்பாளருக்கும் கடைக்காரருக்கும் இடையில் தீரும். லண்டன் விழாவிலும் இதே ஒழுங்கையே வையுங்கள். உறை உங்கள் கைக்கு வர வேண்டாம், அதை மேடையில் அன்பாகவே மறுத்துவிடுங்கள். வாசிப்புக்கும் நண்பர்களுக்கு அன்பளிப்பாகவும் சில பிரதிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவதில் பிழையில்லை.

இவ்வளவும் எதற்காக? ஒரு கவிஞர் ஒரு மாலை வேளையில் தம் மொழியில் சில கவிதைகள் வாசிப்பதற்காக. தம் வாழ்நாளில் யாருடைய காசையும் தொட்டிராத ஓர் ஆசிரியை, மாதக்கணக்கான வங்கிக் கூற்றையும் காணி உறுதியையும் முகமறியாத ஓர் அதிகாரிக்குக் காட்டி, நான் திரும்பி வந்துவிடுவேன் என்று நிறுவ வேண்டியிருக்கிறது. மறுத்தால் கட்டணம் திரும்பாது. வருகையாளர் விசா மறுப்புக்கு மேன்முறையீடும் கிடையாது, மறுப்புக் காரணத்துக்குப் பதில் தேடி மீண்டும் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க வேண்டியதுதான். அழைக்கும் விழாக்கள் உலக இலக்கியம் என்று பேசுகின்றன. அவற்றின் அரசாங்கம் அந்த உலகத்தை வாசலில் நிறுத்தி விசாரிக்கிறது. இந்த முறைமை இப்படி இருண்டு கிடப்பதால்தான் முகவர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. இதை மாற்றுவது நம் கையில் இல்லை. ஒழுங்கான ஆவணங்களைக் கொடுப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

பயணத் திகதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம். தீர்மானம் வழக்கமாக மூன்று வாரங்களில் வரும். கோடைக்கு முந்திய மாதங்களில் நெரிசல் இருக்குமாதலால் ஏப்ரலிலேயே அனுப்பிவிடுங்கள். விசா வரும்வரை பணம் திரும்பாத விமானச் சீட்டை வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அழைப்புக் கடிதத்தையும் நிகழ்ச்சி நிரலையும் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்திருங்கள். விசா கையில் இருந்தாலும் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி, எதற்கு வந்தீர்கள், எத்தனை பவுண் தருகிறார்கள் என்று கேட்கலாம், விண்ணப்பத்தில் எழுதியதையே அவரிடமும் சொல்ல வேண்டும். யூலை என்றாலும் அந்தப் பக்கத்துக் கூடாரங்களில் மாலையானால் குளிரும், மழையும் பெய்யும். கம்பளிச் சட்டை ஒன்றும் மூடிய சப்பாத்தும் கட்டாயம் கொண்டுபோங்கள்.