மாமாவுக்கு ஓட்டு இல்லை

அக்கா, போன சனிக்கிழமை நீங்களும் அண்ணனும் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு மகளை என்னிடம் அழைத்துக்கொண்டு வந்தீர்கள். கூடவே உங்கள் தம்பியும் வந்தார். உங்கள் மகளிடம் நான் கேட்ட ஏழு கேள்விகளில் ஐந்துக்கு அவர்தான் பதில் சொன்னார். "குடும்பத்துல முதல் டாக்டர் சார்" என்றார். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நானும் "பயப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிச் சொன்னது என் தப்பு. அங்கேயே சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் காசு. இங்கே மலேசியாவில் தனியார் கல்லூரியில் மருத்துவம் என்றால் பெரும்பாலும் இரண்டரை லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகும். அண்ணன் செம்பனை லோரி ஓட்டுகிறார். இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுப்பது, மிச்சத்துக்குப் பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன், போதாவிட்டால் தாமான் வீட்டை அடகு வைப்பது என்று ஒரு கணக்குச் சொன்னீர்கள். படிப்புக்கு இபிஎஃப் எடுக்க அனுமதி உண்டு, உண்மைதான். ஆனால் 2024 மே மாதத்திலிருந்து சந்தாவில் 15 விழுக்காடுதான் படிப்புக்கு எடுக்கக்கூடிய கணக்குக்குப் போகிறது. அதை வழித்தெடுத்தாலும் எத்தனை செமஸ்டருக்கு வரும்? வீட்டு கிராண்ட், அதாவது வீட்டுப் பத்திரம், அந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. அதைத் தொடக்கூடாது.

படித்து முடித்தால் மட்டும் என்ன? இரண்டு வருடம் ஹவுஸ்மேன்ஷிப், அதாவது மருத்துவமனையில் பயிற்சி டாக்டர் வேலை. 2016 கடைசியிலிருந்து புது டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி அந்த டாக்டர்கள் நிரந்தர வேலை கேட்டுக் கறுப்புச் சட்டையோடு மருத்துவமனைக்கு வெளியே வந்து நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள். டாக்டர் வேலை மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆசைப்படுகிற பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் நானே பெட்டி கட்டிக் கொடுப்பேன். உங்கள் மகளிடம் பயாலஜி பற்றிக் கேட்டபோது தரையைப் பார்த்தாள், அக்கா.

அவளாக என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அப்பா போற செம்பனை ஆலையில கரண்ட் போச்சுன்னா யாரு திரும்பப் போடுவாங்க?" மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படிவம் 6, மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என்ற வழக்கமான வழிகள் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். அவள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் பழநாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியில் டர்பைனைச் சுழற்றி, ஆலை தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மின்சாரத்தை யார் வேண்டுமானாலும் தொட முடியாது. 1994 மின்சார விதிமுறைகளின்படி, தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் பொறுப்பில்தான் அது இருக்க வேண்டும். அவருக்குப் பெயர் சார்ஜ்மேன். எரிசக்தி ஆணையம் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. 'ஏ' வரிசை 1,000 வோல்ட்டுக்குள், 'பி' வரிசை அதற்கு மேல். ஆலை மட்டுமல்ல, மருத்துவமனை, ஷாப்பிங் மால், பினாங்கு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும் இப்படி ஆள் வேண்டும்.

அதற்கு முதல் படி தொழிற்பயிற்சி. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலை, அதற்கு மேல் நான்காவது நிலை டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. பிறகு டிகிரி வேண்டுமென்றாலும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். வயர்மேன், சார்ஜ்மேன் தேர்வுகளை வேலை அனுபவத்தோடு ஒவ்வொன்றாக எழுதலாம். அரசாங்க நிலையங்களில் கட்டணம் சொற்பம், ஹாஸ்டலும் உண்டு. நம் நிபோங் திபாலிலேயே ஆறுமுகம் பிள்ளை பெயரில் ஐஎல்பி என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது! அந்த வழியாக எத்தனை தடவை போயிருப்பீர்கள்? பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று தம்பி கேட்பார். டெஸ்டர் பேனாவுக்கு ஆண் பெண் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

இந்த வேலை அவளுக்குப் பொருந்தும் என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சுவிட்ச்போர்டில் கைவைக்கும் முன் மெயினை அணைக்க வேண்டும், பூட்டுப் போட வேண்டும், எச்சரிக்கை அட்டை மாட்ட வேண்டும், கரண்ட் இல்லை என்று கருவி வைத்துச் சோதிக்க வேண்டும், எர்த் செய்ய வேண்டும். மேனேஜர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாலும் ஒரு படியைக்கூடத் தாண்டக்கூடாது. திரும்பப் போடலாமா என்பதைச் சொல்ல வேண்டியவரும் சார்ஜ்மேன்தான். அப்படி முடிவெடுக்கிற பழக்கம் இருபத்தைந்து வயதில் திடீரென்று வராது. உங்கள் மகள் இதுவரை எதை முடிவு செய்திருக்கிறாள்? டியூஷன் எங்கே என்பதுகூட மாமா சொன்னதுதான்.

மளிகைக்கடைக் கடன் எழுதுவோமே, அந்த 555 நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாரம் மூன்று முடிவு அவளே எடுக்கட்டும். போனுக்கு எந்தப் ப்ரீபெய்ட், வீட்டு மளிகைக்கு 100 வெள்ளியை எப்படிப் பிரிப்பது, விடுமுறையில் சாலையோர ஒட்டுக்கடை வேலைக்குப் போகலாமா என்பது மாதிரி சின்ன விஷயங்கள் போதும். தேதி, என்ன முடிவு, ஏன், என்ன நடக்கும் என்று நினைக்கிறாள், இந்த நாலையும் முன்கூட்டியே எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பிரித்துப் பார்க்கட்டும். பின்னால் எழுதினால் நாம் எல்லோருமே "எனக்கு அப்பவே தெரியும்" என்போம். நான் உட்பட. தப்பாகப் போனால் திட்டாதீர்கள். 20 வெள்ளி நஷ்டத்தில் கற்றுக்கொள்ள இதுதான் வயது.

மேற்படிப்பு முடிவுக்கும் ஒரு தேதி வையுங்கள், விண்ணப்பம் மூடுவதற்கு இரண்டு வாரம் முன்பாக. ஓட்டு படிக்கிறவளுக்கும் பணம் கட்டுகிறவர்களுக்கும்தான். தம்பி அன்பானவர், அவர் டீ குடித்துவிட்டுப் போகலாம்.

ஐஎல்பியில் என்னென்ன பாடம், எப்போது சேர்க்கை என்று மகளே போன் செய்து கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை நோட்டோடு அனுப்புங்கள். தம்பி நானும் வருகிறேன் என்றால், சார்தான் வேண்டாம் என்றார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.