சி.என்.சி. ரூட்டர் வாங்கும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது?

கேள்வி: மரவேலைப் பட்டறைக்கு சி.என்.சி. ரூட்டர் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி மரத்தை வெட்டும் மெஷின்) வாங்கப் போகிறேன். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன், சுற்றிலும் மூடும் கூண்டு, தூசி உறிஞ்சி மூன்றுக்கும் தனி விலை என்கிறார்கள். 'கம்ப்யூட்டரிலேயே நிறுத்திக்கொள்ளலாம், பட்டன் எதற்கு?' என்றும் கேட்கிறார்கள். எதை விடலாம்?

பதில்: எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் விடவே விடாதீர்கள். கம்ப்யூட்டரில் நிறுத்தினால் பல மெஷின்களில் நகர்வு மட்டும்தான் நிற்கும், பிட்டை, அதாவது வெட்டும் முனையை, சுழற்றும் ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் உறைந்துவிட்டாலோ கேபிள் கழன்றாலோ நீங்கள் கொடுத்த கட்டளை மெஷினுக்குப் போய்ச் சேராது. அந்தச் சிவப்பு பட்டன் மென்பொருளை நம்பாமல், வயரிங் வழியாகவே இரண்டையும் நிறுத்த வேண்டும்.

பட்டன் இருக்கிறது என்று சொன்னாலும் பணம் கொடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள். பிட் எதையும் தொடாத உயரத்தில் மெஷினை ஓடவிட்டு பட்டனை அழுத்துங்கள். நகர்வு உடனே நிற்க வேண்டும். ஸ்பிண்டில் ஓய சில நொடி பிடிக்கலாம், அது சரி. அப்புறம் பட்டனைத் திருகி விடுவியுங்கள். மெஷின் தானாக மறுபடி ஓட ஆரம்பித்தால் அதை வாங்காதீர்கள். பட்டன் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கைக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். மேசைக்குக் குறுக்கே எட்டி அழுத்த வேண்டிய பட்டன் ஆபத்து நேரத்தில் உதவாது.

தூசி உறிஞ்சியையும் முதல் நாளிலேயே வாங்கிவிடுங்கள். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே உறுதி செய்த விஷயம். எம்.டி.எஃப். (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை) வெட்டும்போது வரும் தூசி இன்னும் மெல்லியது, பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு பிசினும் அதில் கலந்திருக்கும். உறிஞ்சி ஓடினாலும் முகக்கவசம் வேண்டும்.

கூண்டை மட்டும் பிறகு நீங்களே செய்துகொள்ளலாம். நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடும் பிட் உடைந்தால் துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பாலிகார்பனேட் தகடு போடுங்கள், அக்ரிலிக் சிதறிவிடும். கூண்டு வரும்வரை, ஏன், வந்த பிறகும், பாதுகாப்புக் கண்ணாடியும் காதுக் கவசமும் கட்டாயம்.

கேள்வி: ஒரு வேலை முடிய மூன்று மணி நேரம் ஆகிறது. ஓடவிட்டுச் சாப்பிடப் போகலாமா?

பதில்: கூடாது. எல்லாரும் விரல் வெட்டுப்படுவதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள், நான் அதைவிடத் தீயை நினைத்துப் பயப்படுகிறேன். இரண்டு பல் உள்ள பிட் 18,000 சுற்றில் ஓடுகிறது, ஒவ்வொரு பல்லும் 0.1 மி.மீ. சீவ வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. நகர வேண்டும். பயந்துகொண்டு 600 வைத்தால் பிட் சீவாது, தேய்க்கும். தேய்த்தால் சூடேறும், மரம் கருகும், கங்கு உறிஞ்சியின் பைக்குள் போய் உட்காரும். மெஷின் நின்ற பிறகும் அது உள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். மெதுவாக ஓட்டினால் பாதுகாப்பு என்று நினைப்பது இந்த மெஷினில் தவறு. கருகல் வாசம் வந்தால் உடனே நிறுத்துங்கள், மழுங்கிய பிட்டை மாற்றுங்கள், வேலை முடிந்ததும் பையைக் காலி செய்யுங்கள். தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்னொரு காரணம், பலகை. கிளாம்ப் தளர்ந்தாலோ, வெட்டி முடிந்த சின்னத் துண்டு பிடிமானமில்லாமல் ஆடினாலோ பிட் அதைத் தூக்கி எறியும். வரைபடத்திலேயே துண்டைப் பலகையோடு பிடித்திருக்கும் சின்ன இணைப்புகளை விட்டுவைத்து, கடைசியில் கையால் வெட்டி எடுங்கள்.

கேள்வி: கையுறை போடலாமா?

பதில்: ஓடும்போது வேண்டாம், சுற்றும் பிட் கையுறையோடு சேர்த்துக் கையையும் இழுக்கும். தொங்கும் துணி, அவிழ்ந்த தலைமுடிக்கும் இதே ஆபத்து. பிட் மாற்றும்போது மெயின் ஸ்விட்சை அணைத்து, ஸ்பிண்டில் முழுதாக நின்ற பிறகு போட்டுக்கொள்ளலாம், பிட்டின் முனை கூர்மையானது.