ஜப்பானிய மரபில் கிமோனோ அணிந்த பெண்ணை வரைந்தால் உருவம் ஏன் பொம்மைபோல் ஆகிவிடுகிறது?

நிஹோங்கா என்ற ஜப்பானிய மரபு ஓவிய முறையில் வரைவதாகவும், முகத்தில் எவ்வளவு உழைத்தாலும் உயிர் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முகத்தைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். துணியைப் பாருங்கள்.

நம் கை சேலை வரைந்து பழகிய கை. சேலை இடுப்பின் வளைவோடு போகும், கிமோனோ போகாது. ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே துணிச்சுருளை நேராக வெட்டித் தைத்த உடை அது. ஓபி என்ற அகலக் கச்சையை இறுக்கியதும் உடல் கிட்டத்தட்ட உருளையாகிவிடும். நான் இரண்டு ஆண்டுகள் இடுப்பை வளைத்து வளைத்தே படங்களைக் கெடுத்தேன். உடம்பு வெளிப்படும் இடங்கள் மிகச் சில. அவற்றில் பின்கழுத்துதான் முக்கியம். பெண்கள் கழுத்துப்பட்டையைப் பின்னுக்கு இழுத்து உடுத்துவார்கள். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே மூடிய கை ஒன்று நுழையும். அந்த நிழல் சரியாக விழுந்துவிட்டால் தலை தானாக உடம்பின்மேல் உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று: அணிந்தவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும். மாறினால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. இடவலம் திருப்பிய புகைப்படத்தைப் பார்த்து வரைந்துவிடாதீர்கள்.

கியோட்டோ ஓவியர் உவேமுரா ஷோயென் 1936இல் வரைந்த 'ஜோ நோ மாய்' படத்தைத் தேடிப் பாருங்கள். நோ என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் நடனத்தை ஆடும் இளம்பெண். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான படம். முகத்தில் சலனமே இல்லை. விசிறியோடு நீட்டிய கையில்தான் அவளுடைய மனம் முழுவதும் இருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைத்ததில்லை.

முகத்துக்கு வருவோம். முகத்துக்குப் பூசும் வெள்ளை நிறத்தின் பெயர் கோஃபுன். பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த சிப்பி ஓட்டை அரைத்த பொடி. அதை நிகாவாவோடு பிசைய வேண்டும். நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே, அந்த இனத்துப் பசைதான். வெந்நீரில் வைத்து இளக்குங்கள். கொதித்தால் பிடிப்புப் போய்விடும். ஈரத்தில் கோஃபுன் தெரியவே தெரியாது, காய்ந்த பிறகுதான் வெளுக்கும். இது புரியாமல் ஒரே இரவில் பூச்சின்மேல் பூச்சாக ஏற்றினேன். காலையில் கன்னம் பழைய சுண்ணாம்புச் சுவர்போல் வெடித்திருந்தது. இப்போது பால்போல் நீர்க்கக் கரைத்து, ஒவ்வொரு பூச்சையும் முழுதாக உலரவிடுகிறேன். மூன்றாவது பூச்சு காயும்போதுதான் கன்னம் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும்; அதுவரை அவசரப்படாதீர்கள்.