சக்கரம், தண்டவாளம், பாலம்: மாடலிங் கேள்வி பதில்

கேள்வி: ரயில் பாலத்தை மாடல் செய்கிறேன். சக்கரத்தை வெறும் நகரும் விசையாக வைத்தால் போதுமா?

பதில்: பாலம் எவ்வளவு வளைகிறது என்பது மட்டும் வேண்டுமென்றால் பெரும்பாலும் போதும். ரெசனன்ஸ் (பெட்டிகள் கடக்கும் தாளமும் பாலத்தின் இயல்பு அதிர்வெண்ணும் ஒத்துப்போய் ஆட்டம் பெருகுவது) எந்த வேகத்தில் வரும் என்று பார்க்கப் பேப்பரும் பேனாவுமே போதும்: பெட்டி நீளம் 25 மீட்டர், பாலத்தின் இயல்பு அதிர்வெண் 3 ஹெர்ட்ஸ் என்றால் பெருக்கினால் வினாடிக்கு 75 மீட்டர், அதாவது மணிக்கு 270 கிமீ. ஆனால் அந்த வேகத்துக்குப் பக்கத்தில் நகரும் விசை மாடல், முக்கியமாகக் குறுகிய பாலங்களில், அதிர்வைக் கூட்டிக் காட்டும், ஏனென்றால் நிஜத்தில் வண்டியின் ஸ்பிரிங்கும் அதிர்வைத் தணிக்கும் டேம்பரும் கொஞ்சம் ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. பயணிக்கு எவ்வளவு குலுங்கும், சக்கரத்தின் மேலுள்ள பளு எவ்வளவு குறையும் என்பதெல்லாம் கேள்வி என்றால் பெட்டி, போகி (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்), அச்சு எல்லாவற்றையும் போட்டே ஆக வேண்டும்.

கேள்வி: சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்தில் வைக்கும் ஹெர்ட்ஸ் ஸ்பிரிங்கை நேர்கோட்டாக்கலாமா, அதாவது விசை அமுங்கலுக்கு நேர் விகிதத்தில் மாறும் என்று எடுக்கலாமா?

பதில்: 1882ல் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் சொன்னபடி விசை, அமுங்கலின் 1.5 அடுக்காக ஏறும். தொடுபரப்பு சுமார் 1 சதுர சென்டிமீட்டர்தான், பல டன் பளு அதன் வழியாகத்தான் இறங்குகிறது. நிலைப்பளுவைச் சுற்றிச் சின்ன ஏற்ற இறக்கம் மட்டும் என்றால் தாராளமாக நேர்கோட்டாக்குங்கள். சக்கரம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகிவிட்ட கேஸில் கூடவே கூடாது! அங்கே சக்கரம் ஒரு கணம் தண்டவாளத்தை விட்டே எழும்பலாம், அப்போது விசை பூஜ்யமாக வேண்டும், உங்கள் நேர்கோட்டு ஸ்பிரிங்கோ சக்கரத்தைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: தொடும் இடத்தின் உரசல் விசையைக் கணக்கிடக் கால்கரின் வேகமான நிரல் ஃபாஸ்ட்சிம் போதுமா, அவருடைய விரிவான நிரல் கான்டாக்ட் வேண்டுமா?

பதில்: வண்டி ஓட்டத்துக்கு ஃபாஸ்ட்சிம். தேய்மானம், விரிசல் என்று தொடுபரப்புக்குள்ளேயே நுழைந்து பார்க்கிறீர்கள் என்றால் கான்டாக்ட்.

கேள்வி: தண்டவாளத்துக்கு அடியில் தொடர்ச்சியான விங்க்ளர் படுகை (இடைவெளியே இல்லாத ஸ்பிரிங் வரிசை) வைத்திருக்கிறேன். ஸ்லீப்பர்களை (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை) தனித்தனியாக வைப்பதில் என்ன லாபம்?

பதில்: 0.6 மீட்டர் இடைவெளியில் ஸ்லீப்பர், வேகம் மணிக்கு 108 கிமீ என்றால், சக்கரம் வினாடிக்கு 50 ஸ்லீப்பரைக் கடக்கிறது. அந்த 50 ஹெர்ட்ஸ் தொடர் படுகையில் வரவே வராது. இரண்டு ஸ்லீப்பருக்கு நடுவில் தண்டவாளம் மட்டும் ஆடும் மோட் (அதிர்வு வடிவம்) ஒன்று 1000 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கிறது, அதுவும் வராது. சத்தம், நெளிவுத் தேய்மானம் (தண்டவாளத்தின் மேற்பரப்பு அலை அலையாகத் தேய்வது) பக்கம் போகிறீர்கள் என்றால் இவை இரண்டையும் விட முடியாது, அங்கே தண்டவாளத்தின் வளைவை மட்டும் கணக்கில் எடுக்கும் ஆய்லர் பீமையும் தூக்கிவிட்டு, சறுக்குத் திரிபையும் சேர்க்கும் டிமோஷென்கோ பீம் போடுங்கள். மெதுவான அசைவுகளுக்கு இத்தனை பாடு தேவையில்லை.

கேள்வி: மாடல் ஓடத் தொடங்கியதுமே சக்கரம் தொடும் இடத்தின் விசை தாறுமாறாகத் துள்ளுகிறது. டைம் ஸ்டெப்பை (கணக்கின் நேர இடைவெளியை) குறைத்தும் பயனில்லை.

பதில்: அமுங்காத தண்டவாளத்தின் மேல் முழுப் பளுவையும் ஒரேயடியாகப் போட்டிருப்பீர்கள். முதலில் நிலைச் சமநிலையைக் கணக்கிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். அப்புறமும் ஒவ்வொரு நோடையும் (பீமின் துண்டுகள் சேரும் புள்ளியை) கடக்கும்போதும் ஒரு துள்ளல் மிஞ்சினால், நோடுகளுக்கு நடுவே வளைவை நேர்கோடாக எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பீமின் மூன்றாம் படி வடிவச் சார்பை (துண்டுக்குள் வளைவைச் சொல்லும் சூத்திரத்தை)த்தான் அங்கே பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு நோடும் சக்கரத்துக்கு ஒரு மூட்டுப் போலத் தெரியும்.