420 கிலோ சாமானுக்கு 3.33 டன் பில்லா?

சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “தஞ்சாவூரில் அம்மா வீட்டுக்கு ஒரு சோபாவும் 12 அட்டைப்பெட்டிகளும் கப்பலில் அனுப்பினேன். எடை 420 கிலோதான். பில்லில் 3.33 டன் என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?”

இதில் ஏமாறவில்லை அம்மா. ஏமாற்று வேறிடத்தில் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

டன் என்றால் எடை என்று பள்ளியில் படித்தோம். கப்பல்காரர்களுக்கு அது முதலில் இடம். அந்தக் கால இங்கிலாந்தில் டன் என்பது பெரிய ஒயின் பீப்பாய், சுமார் 950 லிட்டர் பிடிக்கும். எத்தனை பீப்பாய் ஏறும் என்பதுதான் கப்பலின் அளவு, வரியும் பீப்பாய்க்கு இவ்வளவு என்றுதான். எடைக்கு அந்தப் பெயர் வந்தது பிறகு. அதிலும் பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ, அமெரிக்க டன் 907, நம்முடையது 1,000. 2023ல் சிங்கப்பூருக்கு வந்த கப்பல்களின் மொத்த டன் 3 பில்லியனைத் தாண்டியது என்று செய்தி வந்ததே, அது எடையே அல்ல. கப்பல்களின் உள்ளிடத்தை வைத்துப் போட்ட கணக்கு. ஏசி டன் தனிக்கதை, விடுங்கள். இத்தனை குழப்பம் இருந்தும், எந்த டன் என்று பில்லில் ஒரு வரி அச்சடிக்க இவர்களுக்குக் கை வராது.

உங்கள் பில்லில் இருப்பது சரக்கு டன். ஒரு கன மீட்டர், அல்லது 1,000 கிலோ; எது அதிகமோ அதற்குக் காசு. நீங்கள் எழுதிய அளவுகளைப் பெருக்கிப் பார்த்தேன். சோபா 2 × 0.9 × 0.85 மீட்டர், அதாவது 1.53. பெட்டி ஒவ்வொன்றும் 60 × 50 × 50 சென்டிமீட்டர், அதாவது 0.15, பன்னிரண்டுக்கு 1.8. கூட்டினால் 3.33. சரிதான்.

எடைக்கணக்கு எப்போது வரும்? கிரானைட் பலகை, ஆட்டுக்கல் மாதிரி சாமான்களுக்கு. பித்தளைக் குத்துவிளக்கைக் கழற்றி நெருக்கி அடுக்கினால் எடை முந்தும். அப்படியே நிற்க வைத்தால் பெட்டிக்குள் பாதி காற்று, அப்போது இடம் முந்தும். எடை முந்த, உங்கள் பெட்டி அளவுக்கு ஒன்று 150 கிலோவைத் தாண்ட வேண்டும். அதை லிஃப்ட் வரை தூக்கவே நாலு பேர் வேண்டும்! ஆகவே வீட்டுச் சாமான் என்றால் இடக்கணக்குதான்.

இப்போது அந்த ஏமாற்று. “டன்னுக்கு அடிமாட்டு விலை” என்று இங்குள்ள ஏஜெண்டுகள் பேசிச் சாமானை வாங்குவார்கள். பலர் சாமானும் சேர்ந்து போகும் கன்டெய்னரில் இது வாடிக்கை. விட்ட காசைச் சென்னையில் பிடிப்பார்கள்: டெலிவரி ஆர்டர் (சாமானை விடுவிக்கும் சீட்டு) கட்டணம், கிடங்குக் கட்டணம், ‘ஆவணச் செலவு’. சாமான் அவர்கள் கையில், பேரம் பேச முடியாது. பேலட்டில் (அடியில் வைக்கும் மரத்தட்டில்) கட்டிய பிறகு அளந்து டன்னை ஏற்றுவதும் உண்டு. அடுத்த முறை டேப்போடு பக்கத்தில் நில்லுங்கள்.

பெட்டிகள் இன்னும் கடலில் இருந்தால், சென்னை ஏஜெண்ட் வாங்கப்போகும் கட்டணங்களை இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவு வேண்டாம்.