பூசுவதற்கு முன் துளையிடுங்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு கடலுக்கு அரை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவான திட்டம். வீடுகளை ஒப்படைத்து நான்கு ஆண்டு எட்டு மாதம் ஆகிறது. வாகன நிறுத்தத்தில் மூன்று தூண்களிலும் மேல்தளத்தின் அடிப்பக்கத்திலும் கான்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. "இது கடற்காற்றின் வேலை, எங்களுக்குப் பொறுப்பில்லை, நல்லெண்ணத்தில் பூசித் தருகிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று சங்கம் எழுதித் தரட்டும்" என்கிறார் கட்டுநர். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்பு ஓராண்டுதான். நம் செலவில் பழுது பார்த்துவிட்டுப் பிறகு வழக்குப் போடலாம் என்கிறார்கள் உறுப்பினர்கள் பலர். என்ன செய்யலாம்? – குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உறுப்பினர்களின் யோசனையையும் சில நாட்கள் தள்ளி வையுங்கள். பெயர்ந்த இடத்தைக் கொத்திப் பூசிவிட்டால், உங்கள் வழக்கின் முதல் சாட்சியை நீங்களே குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பியதாகும்.

முதலில் காலக்கெடு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016-இன் 14(3) பிரிவின்படி, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதைக் கட்டுநரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், அவர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு தர வேண்டும். சட்டம் கொடுத்த ஐந்தாண்டை ஒப்பந்தத்தின் ஒரு வரி ஓராண்டாக வெட்டிவிட முடியாது. உங்களுக்கு மீதி இருப்பது நான்கு மாதம். வீட்டுக்கு வீடு ஒப்படைப்புத் தேதி மாறும் என்பதால், முதலில் சாவி வாங்கியவரின் தேதியைக் கணக்கில் வைத்து இந்த வாரமே எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். ஒப்புகையுடன் கூடிய தபாலிலும் மின்னஞ்சலிலும் போகட்டும். எந்தத் தூண், எந்தப் பக்கம், எத்தனை கம்பி என்று படத்தோடு குறிப்பிடுங்கள். வாகன நிறுத்தத்தில் நின்று வாய்மொழியாகச் சொன்னதை அவர் நாளை நினைவில் வைத்திருக்க மாட்டார்.

இனி கடற்காற்றுக்கு வருவோம். அதில் உண்மை இருக்கிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்குகிறது; குளோரைடு உப்பு அந்தப் படலத்தை உடைக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கிறது, அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. ஆனால் மனையை வாங்கிய அன்றே கடல் அங்கேதான் இருந்தது. கடலோரத்தில் கட்டுகிறவர் உப்புக் காற்றை எதிர்பாராத விபத்து என்று சொல்வதை எந்த ஆணையமும் எளிதில் ஏற்காது. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456:2000 கடலோரச் சூழலுக்கு ஆட்படும் கான்கிரீட்டைக் கடுமையான பிரிவில் வைத்து, குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தையும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடலையும் கேட்கிறது. "வாகன நிறுத்தம் மறைவான இடம், அதற்கு 30 மி.மீ. போதும்" என்று எதிர்த்தரப்பு வாதிடும். பக்கங்கள் திறந்த நிறுத்தம் எப்படி மறைவாகும் என்று கேளுங்கள். அந்த வாதத்தை ஏற்றாலும், 200 மி.மீ.-க்கு மேற்பட்ட தூணில் முதன்மைக் கம்பிக்கு 40 மி.மீ. மூடல் எந்தச் சூழலிலும் வேண்டும். நான் பார்த்த இத்தகைய வழக்குகளில் கம்பியை விலக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்காமல், கம்பியை வார்ப்புப் பலகையோடு ஒட்டவிட்டதுதான் பெரும்பாலும் வினையாக இருந்தது.

உப்பு எந்த வழியாக வந்தது? உங்கள் வழக்கு இதில்தான் நிற்கிறது. தூணில் துளையிட்டு, மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காகத் தூள் எடுத்து, ஒவ்வோர் ஆழத்திலும் குளோரைடு அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். வெளியே அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருந்தால் உப்பு வெளியிலிருந்து வந்தது; அப்போது மூடலின் ஆழமும் கான்கிரீட்டின் தரமும் விசாரணைக்கு வரும். எல்லா ஆழத்திலும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால், கலவையிலேயே உப்பு இருந்திருக்கிறது: கழுவாத கடல் மணலோ உவர்நீரோ. கம்பி போட்ட கான்கிரீட்டில் மொத்தக் குளோரைடு கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக்கூடாது என்பதும், கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதும் அதே தர விதி. எல்லா ஆழத்திலும் ஒரே அளவு என்ற முடிவு வந்தால் கடற்காற்று என்ற வாதம் அங்கேயே முடிந்தது. சேதமில்லாத ஒரு தூணிலும் மாதிரி எடுங்கள், ஒப்பிட வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஆய்வு உங்களுக்கு எதிராகவும் பேசலாம். நிறுத்தத்தை உப்பான ஆழ்துளைக் கிணற்று நீரால் தினமும் கழுவுகிறீர்களா? தூணின் அடியில் மட்டும் உப்பு குவிந்திருந்தால் பராமரிப்புக் குறை என்று கட்டுநர் சொல்வதற்கு இடம் உண்டு. எனக்கு முன்பே தெரிந்தால் அறிவிப்பை அதற்கேற்ப எழுதுவேன்; குறுக்கு விசாரணையில்தான் தெரியும் என்றால் சங்கடம்.

மாதிரி எடுக்கும் நாளைக் குறித்துக் கட்டுநருக்கு முன்கூட்டியே எழுதி அழையுங்கள். வந்தால் கூட்டுக் குறிப்பில் கையெழுத்து வாங்குங்கள்; வராவிட்டால் வரவில்லை என்று பதிவு செய்யுங்கள். கட்டுநரோடு தொடர்பில்லாத கட்டமைப்புப் பொறியாளரும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமும் வேண்டும்.

ஆனால் தீர்ப்பு வரும் வரை தூணை அப்படியே விடவும் முடியாது. பெயர்ந்த துண்டு யார் தலையிலாவது விழுந்தால் பொதுப் பகுதியைப் பராமரிக்கும் சங்கத்தின் மீதும் கேள்வி வரும். இழப்பைக் குறைக்க இருந்த வழியைப் பயன்படுத்தினீர்களா என்பதை, ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 73-ஆம் பிரிவின் விளக்கம் இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. ஆகவே பொறியாளர் சொல்லும் இடத்தில் உடனே முட்டுக் கொடுங்கள், தொங்கும் துண்டுகளைத் தட்டி எடுத்துத் தேதியிட்ட பைகளில் வையுங்கள், வண்டிகளை நகர்த்துங்கள். மாதிரி எடுத்த பிறகு, அறிவித்துவிட்டு, ரசீதுகளோடு பழுதும் பார்க்கலாம். அந்தச் செலவைக் கேட்கலாம்.

கட்டுநர் தருவதாகச் சொல்லும் பூச்சைப் பழுதுபார்ப்பு என்று ஏற்க வேண்டாம். உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை அகற்றி, துருவைச் சுத்தமாக நீக்கி, தேய்ந்த கம்பிக்குத் துணைக் கம்பி கொடுத்து, தகுந்த கலவையால் நிரப்ப வேண்டும். அதன் பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது: ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்க, அதைச் சுற்றியுள்ள உப்பேறிய பகுதியில் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். இதைத் தடுக்க ஒட்டின் ஓரங்களில், தன்னைக் கரைத்துக் கம்பியைக் காக்கும் துத்தநாக வில்லைகளைப் பதிப்பதுண்டு. சேதம் பரவலாக இருந்தால் கட்டடத்துக்கே மின்வழிக் காப்பு, அதாவது கம்பிக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்துத் துருவைத் தடுக்கும் முறை, தேவைப்படலாம். எது வேண்டும் என்பதைப் பொறியாளர் எழுதித் தரட்டும். அந்த முறையையே அறிவிப்பில் கோருங்கள். "சரிசெய்து தரவும்" என்று மட்டும் எழுதினால் சிமென்ட் பூச்சும் வெள்ளையடிப்பும்தான் கிடைக்கும்.

அறிவிப்புக்குப் பின் 30 நாள் கடந்தால் சங்கத்தின் பெயரிலேயே ரியல் எஸ்டேட் சட்டத்தின் 31-ஆம் பிரிவின் கீழ் புகார் செய்யலாம். ஒதுக்கீடு பெற்றவர்களின், அதாவது வீடு வாங்கியவர்களின், சங்கத்துக்கு அந்த உரிமை உண்டு. சரிசெய்யும் உத்தரவை ரெரா ஆணையத்திடம் கேளுங்கள். இழப்பீட்டை அதே சட்டத்தின் 71-ஆம் பிரிவின்படி தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் அடைத்து மாதங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையமும் திறந்தே இருக்கிறது. வழக்கின் காரணம் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கட்டுநர் வேலை தொடங்க ஏதாவது தாளில் கையெழுத்து வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், "எங்கள் சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி, மாதிரி எடுத்த பிறகு வேலைக்கு அனுமதிக்கிறோம்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதிக் கொடுங்கள்.