டியூடர் கால இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லையில் காவல் அதிகாரிகளே கொள்ளைக்கு உடந்தையாக இருந்தார்களாமே, உண்மையா? யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

உண்மைதான். ஆனால் "நாலு கெட்ட அதிகாரிகள் இருந்தார்கள்" என்று இதை முடித்துவிட முடியாது. அந்தப் பதவியை அமைத்த விதத்தில், நேர்மையான ஆள் வந்து உட்கார்ந்தாலும் ஒன்று தோற்றுப்போவார், இல்லை கூட்டுச் சேர்ந்துவிடுவார்.

முதலில் அமைப்பு. எல்லையின் இரு பக்கமும் கிழக்கு, நடு, மேற்கு என்று மும்மூன்று மண்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் வார்டன் என்று ஒருவர். போலீஸ், நீதிபதி, படைத்தலைவர் எல்லாம் அவரே. எதிர்ப்பக்க வார்டனோடு பேச்சுவார்த்தை நடத்துவதும் அவரே. ஸ்காட்லாந்தின் லிடெஸ்டேல் பள்ளத்தாக்கு மட்டும் அடங்கவே அடங்காது என்பதால் அதற்குத் தனியாக ஒரு காப்பாளர். இவர்கள் அடக்க வேண்டிய ஆட்களுக்கு ரீவர்கள் என்று பெயர். ஆம்ஸ்ட்ராங், எலியட், கிரேம், நிக்சன், ஸ்காட், கெர் என்று குடும்பம் குடும்பமாக, இரவில் குதிரையேறி வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். எதிர்த்து நின்றவன் வீடு எரியும்.

இப்போது உங்கள் மாடு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி, உடனே துரத்துவது. மோப்ப நாய், ஊதுகொம்பு, ஈட்டி முனையில் எரியும் கரிமண் கட்டி ஆகியவற்றோடு ஆறு நாளைக்குள் எல்லை தாண்டியும் போகலாம். வழியில் பார்த்தவர்கள் கூட வந்தே ஆகவேண்டும். வராவிட்டால் அவர்களும் உடந்தை. அந்த எரியும் கட்டிதான், "நான் கொள்ளையடிக்க வரவில்லை, சட்டப்படி துரத்துகிறேன்" என்பதற்கு அடையாளம். அது இல்லாவிட்டால் இருட்டில் வருகிற இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியாது.

இன்னொரு வழி புகார். கோளாறெல்லாம் இங்கேதான். புகாரை உங்கள் வார்டனிடம் கொடுக்க வேண்டும். அவர் எதிர்ப்பக்க வார்டனுக்கு அனுப்புவார். இருவரும் சமாதான நாள் என்று ஒன்று குறித்து, எல்லையோரம் ஒரு வெட்டவெளியில் ஆட்களோடு கூடுவார்கள். வார்டனே தன் மானத்தின் மேல் சத்தியம் செய்து "இவன் குற்றவாளி" அல்லது "குற்றமற்றவன்" என்று சொல்லிவிடலாம். அல்லது பன்னிரண்டு பேர் ஜூரி: ஆறு ஆங்கிலேயரை ஸ்காட்டிஷ் வார்டன் தேர்ந்தெடுப்பார், ஆறு ஸ்காட்லாந்துக்காரர்களை ஆங்கில வார்டன். மூன்றாவது வழி, குற்றம் சாட்டப்பட்டவனின் சொந்த நாட்டுக்காரன் ஒருவன் முன்வந்து "ஆமாம், இவன்தான் செய்தான்" என்று சாட்சி சொல்வது. சொல்லிவிட்டு அவன் அதே பள்ளத்தாக்கில்தான் அன்றிரவு தூங்க வேண்டும். யார் வருவான்?

குற்றம் நிரூபணமானால் மாட்டின் விலையும், அதற்கு மேல் இரு மடங்கும் தர வேண்டும். ஏட்டில் பலமான சட்டம்தான். ஆனால் வார்டன் புகாரை அனுப்பாமல் வைத்துக்கொண்டால்? சமாதான நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால்? பக்கத்தில் கேட்க ஆளில்லை. லண்டனுக்கு எழுதலாம், எழுதினார்கள். விசாரித்து அறிக்கை அனுப்பச் சொல்லி அந்தக் கடிதம் பல நேரம் அதே வார்டனிடம் வந்து சேரும். அதனால் ஏழைக் குடியானவன் வேறு முடிவுக்கு வந்தான்: பலமான ரீவர் தலைவன் ஒருவனுக்கு ஒழுங்காக மாமூல் கட்டினான். அதற்குத்தான் பிளாக்மெயில் என்று பெயர். 1601-இல் நாடாளுமன்றம் இதற்கு மரண தண்டனை விதித்துச் சட்டம் போட்டது. வேடிக்கை என்னவென்றால், வாங்குகிறவனுக்கு மட்டுமல்ல, கட்டுகிறவனுக்கும் அதே தண்டனை.

தனி ஆள் உதாரணம் வேண்டுமென்றால் சர் ஜான் ஃபார்ஸ்டர். 1560-இல் இங்கிலாந்தின் நடு மண்டலத்துக்கு வார்டன் ஆனார். நடுவில் ஒரு சிறிய இடைவெளி தவிர 1595 வரை அவர்தான். ஸ்காட்டிஷ் திருடர்களோடு உறவு, பிடிபட்டவனைப் பணம் வாங்கிக்கொண்டு விடுவது, புகார்களைக் கிடப்பில் போடுவது என்று அவர்மேல் நீளமான பட்டியல் உண்டு. 1580களின் நடுவில் பதவியிலிருந்து தூக்கினார்கள். கொஞ்ச நாளிலேயே திரும்பவும் அவரையே உட்கார வைத்தார்கள். ஏன்? ஊர்க்காரன்தான் எந்தக் கணவாய் வழியாக யார் வருவான், யார் யாருக்கு மச்சான் என்று அறிந்தவன். வெளியூர் பிரபுவை அனுப்பினால் அவருக்கு ஒன்றும் புரியாது. குளிர்காலத்தில் தெற்கே கிளம்பிவிடுவார். ஊர்க்காரனைப் போட்டால் அவனுக்கு உறவும் உண்டு, பகையும் உண்டு. எலிசபெத் அரசிக்கு இது தெரியாமல் இல்லை. சிக்கனமாக எல்லை நடக்கிறதா என்பதுதான் அரசியின் கவலை. ஃபார்ஸ்டருக்காக ஒன்று சொல்லவேண்டும்: சும்மா உட்கார்ந்து சாப்பிட்ட பதவி இல்லை அது. 1575-இல் ரெட்ஸ்வைரில் சமாதான நாளே கைகலப்பாகி அவரே கைதியாகப் பிடிபட்டார். 1585-இல் இன்னொரு சமாதான நாளில் அவருடைய மருமகன் பிரான்சிஸ் ரஸ்ஸல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எனக்கு இதில் பெரிய குற்றவாளியாகத் தெரிவது அரசுதான். 1544 ஜூலை முதல் நவம்பர் வரை ஆங்கில வார்டன்கள் ஸ்காட்லாந்துக்குள் செய்ததற்கு அவர்களே எழுதிய கணக்கு இருக்கிறது. எரித்து அழித்த ஊர்கள், கோபுரங்கள், தேவாலயங்கள் 192. கொன்றது 403 பேர். கைதிகள் 816. மாடு 10,386. ஆடு 12,492. குதிரைகளுக்கும் தானியத்துக்கும் பட்டியலில் தனிப் பதிவு. கடைக்காரர் சரக்குப் பட்டியல் போல இருக்கும். எட்டாம் ஹென்றி காலத்தில் இது சாதனை அறிக்கை. சமாதானம் வந்ததும் இதே வேலையைச் செய்தவனுக்குத் தூக்கு. சண்டைக்கு வேண்டும்போது அவிழ்த்துவிட்டு, வேண்டாதபோது சட்டம் பேசினால் யார் மதிப்பான்? போதாக்குறைக்கு, இரு நாடும் உரிமை கொண்டாடிய ஒரு நிலப்பரப்பைப் பற்றி 1551-இல் இரு பக்க அதிகாரிகளும் சேர்ந்து ஒரு பிரகடனம் செய்தார்கள்: அங்கே குடியிருப்பவனை எவனும் கொள்ளையடிக்கலாம், எரிக்கலாம், கொல்லலாம், கேள்வி கிடையாது. அடுத்த வருடம் பிரெஞ்சுத் தூதரை வைத்து அந்த நிலத்தை இரண்டாகப் பிரித்து, நடுவே மண்கரை எழுப்பினார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த அத்துமீறல் 1596-இல் நடந்தது. மார்ச் 17, சமாதான நாள். அன்று சூரிய உதயத்திலிருந்து மறுநாள் உதயம் வரை யார்மேலும் கை வைக்கக்கூடாது. கின்மாண்ட் வில்லி ஆம்ஸ்ட்ராங் பேர்போன கொள்ளைக்காரன், அதில் சந்தேகமில்லை. கூட்டம் முடிந்து ஆற்றங்கரையோரம் வீடு திரும்பியவனை ஆங்கில மேற்கு மண்டலத்தின் துணை வார்டன் சால்கெல்டின் ஆட்கள் துரத்திப் பிடித்து, கார்லைல் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். வார்டன் ஸ்க்ரோப் பிரபு விட மறுத்தார். லிடெஸ்டேல் காப்பாளர் வால்டர் ஸ்காட் ஆஃப் பக்லூ எழுத்தில் ஆட்சேபித்துப் பார்த்தார். பலிக்கவில்லை. ஏப்ரல் 13 இரவு, கொட்டும் மழையில் ஆட்களோடு வந்து கோட்டையின் சிறுவாசலை உடைத்து வில்லியைத் தூக்கிப் போய்விட்டார். காவலர்கள் தூங்கியிருக்க வேண்டும், அல்லது மழைக்கு ஒதுங்கியிருக்க வேண்டும் என்று ஸ்க்ரோப் லண்டனுக்கு எழுதினார். அவர் சந்தேகம் சொந்த ஆட்கள் மேலேயே இருந்தது. தாமஸ் கார்ல்டன் என்ற எல்லை அதிகாரி, தனக்கும் ஸ்க்ரோப்புக்கும் ஆகாததால், கிரேம்களோடு சேர்ந்து உள்ளிருந்து உதவினார் என்பது குற்றச்சாட்டு. பிறகு ஸ்க்ரோப் லிடெஸ்டேலுக்குள் படையோடு போய்ப் பழிதீர்த்தார். ஆண்களை நாய்போல இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி இழுத்தார்கள், பெண்கள், குழந்தைகளின் உடைகளையும் உரிந்துவிட்டார்கள் என்று ஸ்காட்லாந்து தரப்பு புகார் செய்தது. இந்தக் கதையில் சட்டத்தை மீறாத அதிகாரி யார் என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

(அந்தப் பக்கம் போனால் கார்லைல் கோட்டைக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடையே உள்ள சுரங்கப்பாதையில் ஒரு பெரிய கிரானைட் கல்லைப் பாருங்கள். கிளாஸ்கோ பேராயர் கவின் டன்பார் 1525-இல் ரீவர்களுக்கு இட்ட சாபத்தின் ஒரு பகுதி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. தலைமுடி, கண், வாய் என்று அங்கம் அங்கமாகச் சபித்திருப்பார். 2001-இல்தான் வைத்தார்கள், அப்புறம் ஊரில் வெள்ளம் வந்ததற்கும் கல்தான் காரணம் என்று அதை அகற்றச் சொல்லி நகர மன்றத்தில் தீர்மானமே கொண்டுவந்தார்கள். வார்டன்களைச் சபித்து ஒரு கல்லும் இல்லை.)

தண்டனைக்கு வருவோம். மேற்கு மண்டல வார்டன் தாமஸ் டேக்கர் பிரபு, திருடர்களுக்கு இடம் கொடுத்ததை 1525-இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார், பதவியும் போனது. அதே வருடம் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவர் மகன் வில்லியம் டேக்கர், ஸ்காட்லாந்து எதிரிகளோடு இரகசியமாகக் கைகோத்ததாக 1534-இல் தேசத்துரோக விசாரணைக்கு வந்தார். எட்டாம் ஹென்றி ஆட்சியில் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பித்த பிரபுக்கள் அபூர்வம், இவர் தப்பித்தார். ஆனாலும் ராஜாவுக்கு 10,000 பவுண்டு அபராதம் கட்ட வேண்டியதாயிற்று. ஃபார்ஸ்டர் நீதிமன்றத்தில் தண்டனை எதுவும் இல்லாமல் பழுத்த கிழவராக 1602-இல் இறந்தார்.

1603-இல் ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸ் இரு நாட்டுக்கும் ராஜா ஆனதும் எல்லை என்ற ஒன்றே தேவையில்லாமல் போனது. கிரேம் குடும்பங்களைப் பிடித்து நெதர்லாந்து கோட்டைகளுக்கும், பிறகு அயர்லாந்தின் ராஸ்காமனுக்கும் கப்பலேற்றினார்கள். பலர் சத்தமில்லாமல் திரும்பி வந்தார்கள். அவர்கள் நிலம் கம்பர்லாந்து பிரபுவுக்குப் போனது. கோட்டையை உடைத்த பக்லூ? எலிசபெத்தின் கோபத்துக்காகக் கொஞ்ச காலம் ஆங்கிலேயர் காவலில் இருந்தார். 1606-இல் அவரைப் பிரபு ஆக்கினார் ஜேம்ஸ்.